ஒயின் வரும் குழாயடி: இராச்சேவுக்கு நடந்துபோக நினைப்பவர்களுக்கு

காலை ஆறே முக்கால். கற்சுவரில் பதித்த இரண்டு குழாய்கள். ஒன்றில் ஒயின், இன்னொன்றில் தண்ணீர் என்று எழுதியிருக்கிறது. விசாவுக்கு இரண்டு தடவை காகிதம் கட்டிக்கொண்டு அலைந்து, பாதத்தில் மூன்று கொப்புளத்தோடு நடந்து வந்து ஒயின் குழாயைத் திறந்தால் ஒரு சொட்டு இல்லை. பக்கத்துப் பலகையை அப்போதுதான் படித்தேன். எட்டு மணிக்குத்தான் திறப்பார்களாம்.

ஸ்பெயினில், சாண்டியாகோ தெ கொம்போஸ்தேலாவுக்குப் போகும் பழைய யாத்திரைப் பாதையில், நவார்ரா வட்டாரத்தில் இருக்கிறது இந்த இராச்சே குழாய். 1891-ல் தொடங்கிய ஒயின் ஆலை, 1991-ல் தன் மதில் சுவரிலேயே இதை வைத்தது. நடந்து வருகிறவர்களுக்கு ஒயின் இலவசம். நம்மூரில் தைப்பூசத்துக்குப் பழனி நடப்பவர்களுக்கு நீர்மோர்ப் பந்தல் போடுகிறோமே, அந்த வகைதான். மோருக்குப் பதில் ஒயின்.

நான் திண்டுக்கல்காரன். பந்தலில் மோர் ஊற்றி வளர்ந்தவன் என்பதால் இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து போக வேண்டும் என்று ஆசை. போய்வந்தேன். இடறிய இடங்களையெல்லாம் எழுதிவைக்கிறேன். நீங்கள் இடறாமல் போங்கள்.

1. எத்தனை நாள் நடப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

விசா, டிக்கெட், லீவு எல்லாம் இதை ஒட்டித்தான். மூன்று வழிகள் உண்டு.

முழுப்பாதை: பிரான்ஸ் எல்லையில் உள்ள செங் ழான் பியே தெ போர் என்ற ஊரில் தொடங்கி சாண்டியாகோ வரை ஏறத்தாழ 780 கிலோமீட்டர். முப்பது முதல் முப்பத்தைந்து நாள் ஆகும். குழாய் வருவது ஆறாம் நாள் காலை.

ஒரு வாரம்: அதே ஊரில் தொடங்கி ரொன்செஸ்வாயெஸ், சுபிரி, பம்ப்லோனா, புவெந்தே லா ரெய்னா, எஸ்தெய்யா என்று ஐந்து நாள் நடந்து, ஆறாம் நாள் குழாயைப் பார்த்துவிட்டுத் திரும்புவது. முதல் நாளே பிரனீஸ் மலையேற்றம். முட்டி பலமில்லாதவர்கள் யோசிக்க வேண்டும்.

மூன்று நாள்: பம்ப்லோனாவில் தொடங்குவது. முதல் நாள் 24 கி.மீ., மறுநாள் 22 கி.மீ., மூன்றாம் நாள் காலை குழாய். லீவு கிடைக்காத நம் ஆட்களுக்கு நான் சொல்வது இதைத்தான். நானும் இப்படித்தான் போனேன். எல் பெர்தோன் மேட்டில் தகட்டில் வெட்டி நிறுத்திய யாத்ரீகர் உருவங்கள், புவெந்தே லா ரெய்னாவின் பழைய கல்பாலம் என்று பார்க்க வேண்டியவை இந்த இரண்டு நாளிலேயே வந்துவிடும். மேட்டிலிருந்து இறங்கும் பாதை மட்டும் முழுக்க உருளைக்கல். என் கொப்புளம் மூன்றும் அங்கே சம்பாதித்தவை.

பலர் விழும் பள்ளம் ஒன்று. கடைசி 100 கி.மீ. நடந்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று டூர் கம்பெனிகள் சாரியா என்ற ஊரிலிருந்து அழைத்துப் போவார்கள். சாரியா சாண்டியாகோவுக்குப் பக்கம். குழாய் இருப்பதோ சாண்டியாகோவுக்கு 660 கி.மீ. அளவில் முன்னால். அந்தப் பேக்கேஜில் பணம் கட்டிவிட்டு “ஒயின் குழாய் எந்த நாள் வரும்?” என்று கேட்டால் வரவே வராது. நவார்ராவில் மட்டும் நடப்பவருக்குச் சான்றிதழ் இல்லை, சாரியாவில் தொடங்குபவருக்கு ஒயின் இல்லை. இரண்டும் வேண்டுமென்றால் ஒரு மாத லீவு வேண்டும்.

2. மாதம்

மே, ஜூன், செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் வெயில் நம்மூர் வெயில்தான், ஆனால் நிழலே கிடையாது. ஜூலை 6 முதல் 14 வரை பம்ப்லோனாவில் காளை ஓட்டத் திருவிழா. அறை வாடகை பல மடங்கு ஏறியிருக்கும், அந்த வாரத்தைத் தொடவே வேண்டாம். செங் ழானில் தொடங்குபவர்களுக்கு இன்னொன்று: நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை மலைப்பாதையை மூடிவிடுவார்கள், கீழே பள்ளத்தாக்கு வழியாகத்தான் போக முடியும்.

3. விசா

மொத்த வேலையில் பாதி இதுதான்.

ஷெங்கன் குறுகிய கால விசா வேண்டும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா அது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள். முடிவு சொல்லப் பொதுவாக 15 நாள், சில சமயம் 45 நாள் வரை போகும். கோடைக்காலத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு. மூன்று மாதம் முன்பே உட்காருங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, அதன்மேல் விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம். நிராகரித்தால் பணம் திரும்பாது.

எந்த நாட்டில் விண்ணப்பிப்பது? அதிக இரவு தங்கும் நாட்டில். செங் ழான் பிரான்ஸில் இருக்கிறதே என்று பிரான்ஸுக்குப் போய்விடாதீர்கள். ஓர் இரவு பிரான்ஸ், மிச்சமெல்லாம் ஸ்பெயின் என்றால் ஸ்பெயின்தான். மலையில் நடந்து எல்லை தாண்டுவதற்கு இரண்டாவது ‘என்ட்ரி’ தேவையில்லை, இரண்டும் ஷெங்கனுக்குள்தான்.

கொண்டுபோக வேண்டியவை: பத்து வருடத்துக்குள் எடுத்த பாஸ்போர்ட், திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடி, இரண்டு வெற்றுப் பக்கம். பேங்க் ஸ்டேட்மென்ட், வங்கி முத்திரையோடு. வருமான வரிப் படிவங்கள். சம்பளச் சீட்டு. அலுவலகத்தில் லீவு கொடுத்த கடிதம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு. விமான முன்பதிவு. ஒவ்வொரு இரவும் எங்கே தங்குகிறீர்கள் என்பதற்கு ஆதாரம்.

அந்தக் கடைசி வரியில்தான் நான் சறுக்கினேன். யாத்திரைப் பாதையில் இருக்கும் ‘அல்பெர்கே’ என்ற விடுதிகளில், ஊராட்சி நடத்துபவை பெரும்பாலும் முன்பதிவு எடுக்காது. முதலில் வருபவருக்கு முதல் கட்டில். நானும் நேர்மையாக, “அந்தந்த ஊரில் போய் இடம் பிடிப்பேன்” என்று கவரிங் லெட்டரில் எழுதிவிட்டேன். தங்கும் ஆதாரம் இல்லை என்று கோப்பு திரும்பி வந்தது. திரும்ப அப்பாயின்ட்மென்ட், திரும்ப ஒரு நாள் லீவு.

நீங்கள் செய்ய வேண்டியது: எல்லா இரவுக்கும் தனியார் விடுதி அல்லது சின்ன லாட்ஜில், ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையில் பதிவு செய்யுங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். பிறகு ஒரு பக்கத்தில் நாள்வாரி அட்டவணை: தேதி, எங்கிருந்து எங்கே, எத்தனை கி.மீ., எந்த விடுதி. “யாத்திரைக்கு நடக்கப் போகிறேன்” என்று ஒரு வரி. இவ்வளவு போதும். இலவச ஒயின் குடிக்கப் போகிறேன் என்று எழுத வேண்டாம். சிரிக்காதீர்கள், என் முதல் லெட்டரில் அதுவும் இருந்தது.

கையிருப்புப் பணமும் பார்ப்பார்கள். ஸ்பெயின் கணக்கில் ஆளுக்கு நாளொன்றுக்கு நூறு யூரோவுக்கு மேல் காட்ட வேண்டும். நடக்கும்போது அதில் பாதிதான் செலவாகும், ஆனாலும் காட்ட வேண்டியதைக் காட்டித்தான் ஆக வேண்டும். விண்ணப்பிப்பதற்கு முந்தின வாரம் மாமாவிடம் கடன் வாங்கி மொத்தமாகப் போடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. ஸ்டேட்மென்ட்டில் அது பளிச்சென்று தெரியும்.

4. யாத்ரீகர் அட்டை

‘கிரெடென்சியால்’ என்பார்கள். மடித்து வைக்கும் அட்டை, தங்கும் இடங்களில் முத்திரை குத்துவார்கள். சில யூரோதான். செங் ழானில் யாத்ரீகர் அலுவலகத்தில் கிடைக்கும், பம்ப்லோனாவில் பெரிய யாத்ரீகர் விடுதியில் கேளுங்கள். இது இல்லாமல் ஊராட்சி விடுதியில் கட்டில் தரமாட்டார்கள். பாஸ்போர்ட்டும் கேட்பார்கள், நகல் போதாது. குழாயடியில் எந்தக் காகிதமும் யாரும் கேட்பதில்லை.

5. போய்ச் சேருவது

தமிழ்நாட்டிலிருந்து ஸ்பெயினுக்கு நேர் விமானம் கிடையாது. வளைகுடா வழியாக மாட்ரிட் போவது சுலபம். லண்டன் வழி டிக்கெட் மலிவாகத் தெரிந்தால் உடனே பாயாதீர்கள். ஷெங்கன் விசா அங்கே செல்லாது, அவர்களுடைய டிரான்சிட் விசாவுக்குத் தனியாக அலைய வேண்டிவரும்.

மாட்ரிட்டிலிருந்து பம்ப்லோனாவுக்கு ரயிலில் மூன்றரை மணி நேரம் அளவில் ஆகும். முன்கூட்டியே எடுத்தால் டிக்கெட் மலிவு. நடக்கவே முடியாதவர்கள் பம்ப்லோனாவிலிருந்து எஸ்தெய்யாவுக்கு ஒரு மணி நேர பஸ் பிடித்து, அங்கிருந்து மூன்று கி.மீ.க்குள் நடந்தே குழாயைத் தொடலாம்.

பெயர்க் குழப்பம் ஒன்று. நவார்ராவில் பலகைகளில் ஸ்பானிஷோடு பாஸ்க் மொழியும் இருக்கும். எஸ்தெய்யாவுக்கு லிசார்ரா என்று இன்னொரு பெயர், பம்ப்லோனாவுக்கு இருன்யா. பஸ் நெற்றியில் லிசார்ரா என்று இருந்ததைப் பார்த்து ஒரு வண்டியை விட்டுவிட்டு நின்றேன். தவிர நாம் எழுத்தைப் பார்த்து ‘எஸ்டெல்லா’ என்போம், அங்கே ‘எஸ்தெய்யா’ என்றால்தான் புரியும்.

6. செலவு

ஒரு யூரோ நூறு ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள், சில்லறை முன்பின் இருக்கும். ஊராட்சி விடுதியில் கட்டில் பத்து யூரோவை ஒட்டி, தனியாரில் பதினைந்து முதல் இருபது. காலையில் காப்பியும் ரொட்டியும் நான்கு யூரோ. இரவில் ‘யாத்ரீகர் சாப்பாடு’ என்று மூன்று பதார்த்தத்தோடு 13 முதல் 16 யூரோவுக்குத் தருவார்கள். அதிலேயே ஒயின் அடக்கம். மதியத்துக்குக் கடையில் ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் வாங்கிக்கொண்டால் நாள் செலவு 45 யூரோவில் நிற்கும். முதுகுப் பையை அடுத்த விடுதிக்கு வண்டியில் அனுப்ப நாளுக்கு ஐந்தாறு யூரோ. கௌரவம் பார்க்காமல் அனுப்புங்கள்.

விமானம் எனக்குப் போக வர 72,000 ரூபாய் ஆனது. விசா, காப்பீடு, கடிதம், ஸ்டேட்மென்ட் அலைச்சல் எல்லாம் சேர்த்துப் பதினைந்தாயிரம். அதில் என் கவரிங் லெட்டருக்கு அபராதமாக ஒரு நாள் சம்பளமும் உண்டு.

சைவக்காரர்களுக்கு: ‘வெஜிடேரியன்’ என்றால் மட்டும் போதாது. என்சலாதா மிக்ஸ்தா என்று பச்சைக் காய்த் தட்டு ஒன்று எல்லா ஊரிலும் கிடைக்கும். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், மேலே சூரை மீன் போட்டிருப்பார்கள். “சின் அதூன், சின் ஹமோன்” என்று மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: சூரை மீன் வேண்டாம், பன்றியிறைச்சி வேண்டாம். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் உருளைக்கிழங்கு தொர்தீயா என்ற முட்டை அடை காப்பாற்றும். இல்லையென்றால் பருப்புப் பொடி ஒரு பாக்கெட் எடுத்துப்போங்கள்.

7. முந்தின இரவு எங்கே தங்குவது

வழிகாட்டிப் புத்தகங்கள் எஸ்தெய்யா என்று சொல்லும். அழகான ஊர், வசதி அதிகம், தங்கலாம். ஆனால் விடுதியில் ஐந்து மணிக்கே பாலிதீன் பை சரசரக்கத் தொடங்கும். எட்டு மணிக்குள் எல்லோரும் வெளியேறிவிட வேண்டும் என்பது விதி. அந்தக் கூட்டத்தோடு ஆறு மணிக்குக் கிளம்பினால் என் கதிதான். ஒன்றேகால் மணி நேரம் குளிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். கூட வந்தவர்கள் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அன்றைக்கு நான் குழாயடியோடு திரும்பாமல் மேலும் நடந்து, அடுத்துத் தங்கும் ஊரான லோஸ் ஆர்கோஸ் போய்ச் சேர்ந்தபோது மலிவு விடுதியில் கட்டில் தீர்ந்திருந்தது, லாட்ஜுக்கு 48 யூரோ அழுதேன். இலவச ஒயினின் விலை அது.

ஆகவே ஏழே காலுக்குக் கிளம்புங்கள். ஊரைத் தாண்டி அயேகி என்ற சின்ன ஊர் வரும், கொஞ்சம் ஏற்றம். பாதை காட்டும் மஞ்சள் அம்பை மட்டும் நம்பித் தலையைக் குனிந்து நடக்காமல், ‘இராச்சே’ என்ற பெயரைத் தேடிக்கொண்டே போங்கள். நாற்பது, நாற்பத்தைந்து நிமிடத்தில் வந்துவிடும். அயேகியிலேயே ஒரு யாத்ரீகர் விடுதி இருக்கிறது. அங்கே தங்கினால் இன்னும் சாவகாசம்.

மாலையில் வரலாமா என்றால், வரலாம். இரவு எட்டு வரை திறந்திருக்கும். ஆனால் நாளுக்கு 100 லிட்டர்தான் விடுகிறார்கள். மே, செப்டம்பரில் மாலைக்குள் தீர்ந்துபோக வாய்ப்புண்டு.

8. குழாயடியில்

இடப்பக்கம் வலப்பக்கம் என்று குழம்ப வேண்டாம், எழுத்தைப் பார்த்துத் திறங்கள். சுவரில் ஒரு வாசகம் இருக்கும். யாத்ரீகரே, சாண்டியாகோவுக்குத் தெம்போடு போய்ச்சேர வேண்டுமானால் இதில் ஒரு வாய் குடித்து மகிழ்ச்சியை வாழ்த்துங்கள் என்று பொருள். பக்கத்திலேயே இன்னொன்று: குடியுங்கள், அளவு மீறாதீர்கள், எடுத்துப்போக வேண்டுமானால் விலைக்கு வாங்குங்கள். பாட்டிலில் பிடிக்கக் கூடாது என்பதை இதைவிட நயமாகச் சொல்ல முடியாது. ஆனாலும் ஒன்றரை லிட்டர் பாட்டிலை நீட்டுகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். நான் நின்ற அன்றைக்கு இரண்டு பேர். நாம் அந்தக் கணக்கில் சேர வேண்டாம். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒயின் கிடையாது. பிள்ளைகளோடு போனால் தண்ணீர்க் குழாய் இருக்கிறது.

எதில் குடிப்பது? எல்லோரும் பையில் ஒரு சிப்பி ஓடு தொங்கவிட்டிருப்பார்கள், யாத்ரீகர் அடையாளம் அது. அதில் ஏந்திக் குடிப்பதுதான் சம்பிரதாயம் என்று நானும் ஏந்தினேன். கயிறு கோக்க ஓட்டில் ஓட்டை போட்டிருப்பார்கள் என்பது மறந்துபோயிற்று. ஒயின் அந்த ஓட்டை வழியாக ஒழுகி மணிக்கட்டில் இறங்கி, முழங்கை வரை ஓடி, வெள்ளைச் சட்டையின் கைமடிப்பில் போய் நின்றது. வாய்க்குள் போனது இரண்டு சொட்டு. சட்டைக் கறை இன்றுவரை போகவில்லை. ஓட்டையைக் கட்டை விரலால் அடைத்துக்கொண்டு பிடியுங்கள். இல்லையா, வீட்டிலிருந்து சின்ன எவர்சில்வர் டம்ளர் ஒன்றைக் கொண்டுபோங்கள். நான் இரண்டாம் தடவை அதில்தான் பிடித்தேன், அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற கொரியாக்காரர் உதடு படாமல் குடிப்பதை வாய்பிளந்து பார்த்துவிட்டு, டம்ளரை வாங்கித் தானும் முயன்று சட்டையை நனைத்துக்கொண்டார்.

ருசி எப்படி? அதிக நாள் ஊறாத சிவப்பு ஒயின், துவர்ப்பு தூக்கல். கடையில் காசு கொடுத்து இதையே வாங்குவேனா என்றால் சந்தேகம். காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றில், நடக்கத் தயாராகும் நேரத்தில் அரை டம்ளருக்கு மேல் போகாதீர்கள். முதலில் ஒரு வாழைப்பழமாவது உள்ளே போகட்டும்.

குழாய்க்கு எதிரே கேமரா இருக்கிறது. ஆலையின் இணையதளத்தில் அதை நேரலையாகப் பார்க்கலாம். கோடையில் அங்கே காலை எட்டு என்றால் நமக்குப் பதினொன்றரை. வீட்டுக்குச் சுட்டி அனுப்பிக் கையாட்டலாம் என்று நானும் அம்மாவுக்கு அனுப்பினேன். போன் வந்தது.

“ஏன்டா, அவ்வளவு தூரம் போயி குழாயடியில நிக்கிற? தண்ணி வருதா?”

“ரெண்டு தண்ணியும் வருதும்மா.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “அப்பா பார்த்துக்கிட்டுருக்காரு. டம்ளரைக் கீழ வை.”

சுட்டியை அனுப்புமுன் யோசியுங்கள்.

9. குழாயைத் தாண்டி

ஒயின் குழாயில் படம் எடுத்துக்கொண்டிருக்கும் கூட்டத்தில் பாதிப் பேர் தண்ணீர்க் குழாயைக் கவனிப்பதில்லை. முக்கியம் அதுதான். பாட்டில்களை இங்கேயே நிரப்புங்கள். இராச்சேயின் பழைய கிறித்தவ மடம் பக்கத்திலேயே இருக்கிறது, பத்து நிமிடம் எட்டிப் பார்க்கலாம். அதைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று அஸ்கேதா, வியாமயோர் தெ மொன்ஹார்தின் வழி. இன்னொன்று லுகின் வழி. புதியவர்கள் முதல் வழியில் போங்கள், வியாமயோரில் காப்பியும் நிழலும் உண்டு. அங்கே மறுபடி தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு லோஸ் ஆர்கோஸ் வரை 12 கி.மீ. கோதுமை வயலும் திராட்சைத் தோட்டமும்தான். ஊர் இல்லை, கடை இல்லை, மரமும் அரிது. ஆளுக்கு இரண்டு லிட்டராவது இருக்கட்டும். தொப்பியும் வேண்டும். ஒயின் அருந்திய தலைக்கு வெயில் இரட்டிப்பாகத் தெரியும்.

மூன்று நாள் திட்டக்காரர்கள் குழாயடியிலிருந்தே எஸ்தெய்யாவுக்குத் திரும்பிவிடலாம், இறக்கம்தான். பம்ப்லோனா பஸ்ஸின் நேரத்தை முந்தின நாளே பஸ் நிலையத்தில் பார்த்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டி குறைவு.